ஒரு எச்.பி. மோட்டாரும் இருபது லிட்டர் பீரும்

முதலில் ஒரு டிஸ்கி: இது குடியை ஆதரிக்கும் பதிவு அல்ல. தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். 1937ம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னமும் அப்படித்தான் சொல்கிறது. நான் காய்ச்சவும் இல்லை, குடிக்கவும் இல்லை (அம்மா இந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பதால் மட்டும் சொல்லவில்லை, நிஜமாகவே :-)). இந்தப் பதிவு பம்பைப் பற்றியது. பீர் ஒரு சாக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெரியப்பா பையன் அமெரிக்காவில் நார்த் கரோலினாவில் இருக்கிறான். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் அனுமதி வந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 750 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம், ஆனால் விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டு, கடைசியாக 2013ல்தான் அலபாமாவும் மிசிசிப்பியும் வழிக்கு வந்தன.

அண்ணன் போன மாதம் போன் செய்தான். குரல் சரியில்லை. காய்ச்சிய பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கி வைக்கும்போது கைப்பிடி வழுக்கி, கொதித்தது வலது காலில் கொட்டிவிட்டதாம். கணுக்காலிலிருந்து விரல் வரை கொப்புளம். மூன்று வாரம் செருப்பே போட முடியவில்லை. பெரியம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அடுத்து கேட்டான்:

"டேய், சித்தப்பா பட்டறையில் சின்னதா ஒரு எச்.பி. மோனோபிளாக் இருக்குமல்ல? அடுத்த மாசம் மாமா இங்க வர்றாரு, அவர்கிட்ட குடுத்து விடு. இனிமே பாத்திரத்தைத் தூக்கறதே இல்ல. பம்பு வெச்சு மாத்திக்கிறேன்."

கோயம்புத்தூர்க்காரன் கேட்கிற கேள்விதான். ஊருக்குள் எந்தத் தெருவில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு பம்பு பட்டறை மேல்தான் விழும். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு மில்லும் மோட்டாரும் கிணற்று பம்பும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு வளர்ந்த ஊர் இது. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தியாவின் முதல் மின்மோட்டார் வெளிவந்ததும் 1937ல்தான். அதே வருடம் அக்டோபரில்தான் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கொங்கு நாட்டுக்கு ஒரே வருடத்தில் மோட்டாரும் மதுவிலக்கும் வந்து சேர்ந்தன. மோட்டார் அப்படியே நின்றுவிட்டது. மதுவிலக்கு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

சித்தப்பாவின் பட்டறை கணபதியில் இருக்கிறது. நாலு லேத், ஒரு டெஸ்டிங் தொட்டி. நான் போய் விஷயத்தைச் சொன்னேன் (பீர் என்று சொல்லவில்லை, "சூடான ஒரு திரவம்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பிய மாதிரி தெரியவில்லை). அவர் எச்.பி.யைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"எத்தனை அடி ஏத்தணும்? எத்தனை நேரத்துல? எவ்வளவு சூடு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கிறேன், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் சென்ட்ரிஃபியூகல் பம்பை ஓட்டி ரெக்கார்டு நோட்டில் கிராஃப் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் இந்த மூன்றும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

இருபது லிட்டர் என்பது ஏறத்தாழ 20 கிலோ. அதை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். 20 × 9.8 × 1, அதாவது சுமார் 196 ஜூல். நாலு நிமிடத்தில், அதாவது 240 நொடியில் ஏற்றினால் போதும் என்றால் தேவையான சக்தி 0.8 வாட். ஒரு வாட் கூட இல்லை! அண்ணன் கேட்ட ஒரு எச்.பி. என்பது 746 வாட். குழாய் உராய்வு, பம்பின் திறன் குறைவு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து மடங்கு, இருபது மடங்கு போட்டாலும் ஒரு சின்ன பல்பு எரியும் கரண்ட் போதும். கொசு அடிக்க பீரங்கி கேட்டிருக்கிறான்.

இன்னொன்று, அந்த ஊர் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் மோட்டார் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சுமந்துகொண்டு போய் அங்கே செருகினால் மாமாவின் லக்கேஜ் எடைதான் மிச்சம்.

இனி என் கருத்து. பம்பு வாங்குவதற்கு முன்னால் எதற்காக வாங்குகிறோம் என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும். அண்ணனுடைய வரி "பீர் காய்ச்ச பம்பு வேண்டும்" என்பதல்ல. "கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்காமல் இருக்க வேண்டும்" என்பது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதற்குப் பம்பு இல்லாமலும் வழி இருக்கிறது.

காய்ச்சும் முறை தெரியாதவர்களுக்கு நாலு வரி. முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியை 65 முதல் 68 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். தானியத்தில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து, வேகமாக 20 டிகிரி பக்கம் குளிரவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவைக்கிறார்கள். நம் வீட்டில் இட்லி மாவைப் புளிக்க வைப்பதற்கு இது ஒருவகையில் அண்ணன் தம்பி முறை.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? கொதித்த பிறகு பாத்திரத்தில் இருபது லிட்டருக்கு மேல் இருக்கும். பாத்திரத்தோடு சேர்த்தால் முப்பது கிலோ பக்கம் வரும். வீட்டுக்கு வரும் நிரம்பிய கேஸ் சிலிண்டரின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். சிலிண்டரை நூறு டிகிரியில், தளும்பத் தளும்ப, மூடியில்லாமல் தூக்கிக்கொண்டு நடப்பதாக நினைத்துப் பாருங்கள். அதுவும் வெறும் தண்ணீர் இல்லை, பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. வெல்லப்பாகு அளவுக்கு ஒட்டாது, ஆனாலும் உடனே துடைத்துவிட முடியாது. கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் இடத்தில் பாருங்கள், கொப்பரையை ஒரு ஆள் தனியாகத் தூக்குவதில்லை. தெரிந்த தொழிலில் அதற்கென்று ஆளும் முறையும் இருக்கிறது. பொழுதுபோக்கில்தான் எல்லாவற்றையும் ஒருவனே தூக்குகிறான்.

இதற்குப் பழைய ஆட்கள் சொல்லும் வழி மூன்று தட்டு. மேல் தட்டில் வெந்நீர்ப் பாத்திரம், நடுவில் தானியம், கீழே கொதிக்கும் அடுப்பு. தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். பம்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், கெட்டுப்போக எதுவும் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு ஒரே ஆட்சேபணை, மேல் தட்டு தலை உயரத்தில் இருக்கும். காலில் கொட்டியதற்கு மருந்தாக, வெந்நீரைத் தலைக்கு மேல் வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது, செலவும் குறைவு. ஒரே பாத்திரம். தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஊறவைத்து, பையை மட்டும் வெளியே எடுத்து, அதே பாத்திரத்தில் கொதிக்கவைத்து, செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே இறக்கி, சுருளுக்குள் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு, அடுப்பு மேலேயே குளிரவைப்பது. பாத்திரத்தின் அடியில் ஒரு பால் வால்வு. குளிர்ந்த பிறகு வால்வைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சூடாக இருக்கும்போது பாத்திரத்தைத் தூக்க வேண்டிய வேலையே இல்லை. பம்பும் இல்லை. முதல் தடவை காய்ச்சுகிறவனுக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. (ஈரத் தானியப் பையும் பத்து கிலோ பக்கம் வரும், அதற்கு மேலே ஒரு கொக்கியும் கயிறும் கட்டிக்கொள்ளவும்.)

அப்படியானால் பம்பு வீண் ஆடம்பரமா? இல்லை. இரண்டு இடங்களில் அது தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. ஒன்று, தானியம் ஊறும்போது அடியிலிருக்கும் நீரை எடுத்து மேலே விட்டுக்கொண்டே இருந்தால் சூடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். 66 டிகிரி என்றால் மேலும் கீழும் 66. ஒவ்வொரு தடவையும் ஒரே சுவை வருவதற்கு இது உதவும். இரண்டு, கொதித்து முடிந்ததும் திரவத்தைச் சுழலவிட்டால் சீக்கிரம் குளிரும், கசடும் நடுவில் குவியும். வேலை முடிந்த பிறகு குழாய்களுக்குள் சோப்புத் தண்ணீரைச் சுற்றவிடுவது கூடுதல் லாபம். ஆனால் புளித்து முடிந்த பீரைப் பம்பில் விடக் கூடாது. காற்று கலந்தால் ருசி கெட்டுவிடும். அங்கே சைஃபன் குழாய்தான் சரி.

அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு பாத்திரம் இருக்கிறது, விட மாட்டான். சரி, பம்பு வாங்கு என்றேன். ஆனால் நம் ஊர் கிணற்று பம்பு அல்ல. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் ஊர்த் துரோகம் செய்த மாதிரி இருந்தது. ஆனால் உண்மை அதுதான். கிணற்று மோனோபிளாக் வார்ப்பிரும்பு உடம்பு, வெண்கல வகை இம்பெல்லர், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் கசிவை அடைக்க ஒரு சீல், உள்ளே பெயிண்ட், கிரீஸ். தென்னைக்குப் பாய்ச்சும் தண்ணீருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. வயிற்றுக்குள் போகும் கொதிநீருக்குப் பொருட்டு.

அந்த வேலைக்கு மேக்னெட் டிரைவ் என்ற சின்ன பம்பு இருக்கிறது. மோட்டார் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இம்பெல்லரில் இன்னொரு காந்தம். தொடாமலேயே இது சுற்ற அதுவும் சுற்றும். ஷாஃப்ட் துளையே இல்லாததால் கசிவதற்கு இடமில்லை. தலைப்பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அல்லது சூடு தாங்கும் பிளாஸ்டிக்கில் இருக்கும். கழற்றிக் கழுவலாம். ஏற்றும் உயரம் மூன்று, நாலு மீட்டர்தான், வீட்டுக்கு அதுவே அதிகம்.

வாங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன். "டேய், மோட்டார் சுத்துது, தண்ணி வரல. ஏமாத்திட்டாங்க." வீடியோவில் காட்டச் சொன்னேன். பம்பை வசதியாகக் கைக்கு எட்டும் உயரத்தில், பாத்திரத்துக்குப் பக்கத்தில் பலகை மேல் வைத்திருந்தான். பாத்திரத்தின் வால்வு அதற்குக் கீழே.

எனக்கு உடனே அப்பிச்சி ஞாபகம் வந்தார். அன்னூர் பக்கம் அவர் தோட்டத்துக் கிணற்றில், மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் பம்பின் தலையில் இருக்கும் மூடியைத் திறந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஃபுட் வால்வு லேசாக ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றுவார், அது இண்டு இடுக்கை அடைத்துக்கொள்ளும். "ஏனுங் அப்பிச்சி, தண்ணி எடுக்கற மிஷினுக்கு நாம எதுக்குத் தண்ணி ஊத்தறோம்?" என்று கேட்டேன். "பம்பு தள்ளுங் கண்ணு, இழுக்காது" என்றார். அப்போது புரியவில்லை. லேப் வைவாவில் "பிரைமிங் எதற்கு?" என்று கேட்டபோது புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன், அப்போதும் புரியவில்லை. அண்ணன் கராஜில் அந்தப் பலகையைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு உறிஞ்சும் சக்தி என்று தனியாக ஒன்று இல்லை. இம்பெல்லர் நீரை வெளியே வீசுகிறது, நடுவில் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று மண்டலம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே காற்று இருந்தால் வீசுவதற்கு எடையே இல்லை, சும்மா சுற்றும். காற்று மண்டலம் தள்ளினாலும் கணக்குப்படி 34 அடிக்கு மேல் தண்ணீர் ஏறாது, நடைமுறையில் இருபது இருபத்தைந்து அடிதான். அதனால்தான் கொங்கு நாட்டில் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரும் கிணற்றுக்குள் படி படியாக இறங்கியது, பிறகு ஜெட் வந்தது, பிறகு மோட்டாரே தண்ணீருக்குள் மூழ்கி சப்மெர்சிபிள் ஆனது.

கொதிநீரில் கதை இன்னும் மோசம். 66 டிகிரியில் அந்தத் தள்ளும் பலத்தில் கால் பங்கு நீராவி அழுத்தத்துக்கே போய்விடும். நூறு டிகிரியில் முழுவதும் போய்விடும். கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் திரவம் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். பம்பு கூழாங்கல்லை மென்ற மாதிரி கடகடவென்று சத்தம் போடும், அதுதான் கேவிடேஷன். கொதிக்கிற பாத்திரத்திலிருந்து எடுக்க ஒரே வழி, பம்பைப் பாத்திரத்துக்குக் கீழே வைத்து திரவத்தின் சொந்த எடையால் பம்பை நிரப்புவது.

ஆகவே பம்பு வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு, சித்தப்பாவும் நானும் சேர்ந்து போட்ட பட்டியல்:

1. பம்பு எப்போதும் பாத்திரத்தின் வால்வுக்குக் கீழே. வெளியேறும் வாய் மேலே பார்த்திருக்கட்டும், காற்று தானாக வெளியேறும்.

2. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்கத்து வால்வைத் திருகுங்கள். உள்ளே வரும் பக்கத்தை ஒருபோதும் இறுக்காதீர்கள், கேவிடேஷனைக் கூப்பிடுவதாகும்.

3. திரவம் இல்லாமல் ஓட்டாதீர்கள். இந்தச் சின்ன பம்புகளுக்கு அந்தத் திரவம்தான் மசகு.

4. தோட்டத்து பி.வி.சி. ஓஸ் வேண்டாம். சூடு தாங்கும், உணவுக்கு ஏற்ற சிலிக்கான் ஓஸ், இரண்டு முனையிலும் கிளாம்ப். கொதிநீர் ஓஸ் கழன்றால் பாத்திரம் கவிழ்ந்ததைவிட மோசம்.

5. ஈரத் தரை, கரண்ட், வெறுங்கால் மூன்றும் சேரக் கூடாது. கசிவு மின்சாரத்தில் உடனே விழும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இல்லாத பிளக்கில் செருகாதீர்கள்.

6. மூடிய காலணி. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பலகையிலிருந்து பம்பை இறக்கித் தரையோரம் வைத்து, வாயை மேலே திருப்பி, வால்வைத் திறந்துவிட்டு அரை நிமிடம் காத்திருந்து ஸ்விட்சைப் போட்டான். வந்தது. "எங்கடா கத்துக்கிட்ட?" என்றான். அன்னூரில் என்றேன்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் இருக்கிறது. நாம் பம்பு ஊர் என்று பெருமை பேசும்போது எச்.பி.யைத்தான் பேசுகிறோம். பக்கத்துத் தோட்டத்தான் அஞ்சு போட்டால் நான் ஏழரை, அவன் ஏழரை என்றால் நான் பத்து. ஆயிரம் அடி போர் போட்டு அதுவும் காற்று வந்து நிற்கிறது. "எத்தனை அடி, எத்தனை நேரத்துல" என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒரு வாட் வேலைக்கு ஒரு எச்.பி. கேட்ட என் அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். ஆனால் அவன் அதை எங்கிருந்து கற்றான்? நம் ஊரிலிருந்துதான்.

இரண்டாவது ஆதங்கம். அந்தச் சின்ன காந்த பம்பைச் சித்தப்பாவிடம் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது பெரிய வித்தை இல்ல. ஆர்டர் வந்தா நாமளே பண்ணலாம்" என்றார். பீருக்கு ஆர்டர் இங்கே வராது, வரவும் வேண்டாம். ஆனால் பால் இருக்கிறது. பொள்ளாச்சித் தென்னையில் இறக்கும் நீரா இருக்கிறது, குளிர் விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் நீராவைப் புளிக்காமல் காப்பது சட்டப் பிரச்சினையும் கூட. சுத்தமாக, சீக்கிரமாக, கை படாமல் மாற்ற அங்கேயும் கழற்றிக் கழுவும் சின்ன பம்பு உதவும். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்கு இன்னமும் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் கிளாஸ் மக்களே, மறுபடியும் பாட்டில் கழுவும் மிஷின் செய்யாமல் இதை யோசியுங்கள்.

அண்ணன் கால் ஆறிவிட்டது. தோல் மட்டும் ஒரு நிறம் மட்டாக இருக்கிறது என்றான். பெரியம்மாவுக்கு இன்னும் தெரியாது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஷூவைக் கழற்றித்தானே வீட்டுக்குள் வர வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பி.கு.: சித்தப்பா நேற்றுத்தான் கேட்டார், "அந்தச் சூடான திரவம் நுரைக்குமா?" என்று. நான் பதில் சொல்லவில்லை.